ஊதாத விசில்

1986 ஜூன் 22. மெக்ஸிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம். உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதின. 51ஆவது நிமிடத்தில் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜின் காலில் பட்டு எழும்பிய பந்துக்கு மரடோனாவும் கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனும் ஒருசேரத் தாவினார்கள். மரடோனாவின் இடக்கை முஷ்டி பந்தைத் தட்டி வலைக்குள் அனுப்பியது. துனிசியாவைச் சேர்ந்த நடுவர் அலி பின் நாசர் கோல் என்றார். அன்று முதல் அந்த ஒரு முடிவை வைத்தே உலகம் அவரை எடைபோட்டு வருகிறது.

தாவிய இருவரையும் தான் பின்பக்கமிருந்தே பார்த்ததாக அவர் சொன்னார். சந்தேகம் வந்ததும் பல்கேரிய லைன்ஸ்மேன் போக்தான் தோச்செவைப் பார்த்தார். கொடி உயரவில்லை. சக நடுவர் நல்ல இடத்தில் நின்றால் அவர் கண்ணை நம்புங்கள் என்று ஃபிஃபா முன்பே சொல்லியிருந்ததாம், நம்பினார். ஷில்டனின் கைக்கு மேலே பந்தும் முஷ்டியும் உறைந்து நிற்கும் அந்தப் புகைப்படம் நமக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் தவறு தவறுதான். இங்கிலாந்துக்கு நேர்ந்த அநீதியை எந்த விளக்கமும் துடைத்துவிடாது. நான் கேட்பது வேறு: கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறதா?

நான்கு நிமிடம் கழித்து, தன் பக்க மைதானத்தில் பந்தை வாங்கினார் மரடோனா. பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக் என ஒவ்வொருவராகக் கடந்தார். விடாமல் துரத்திவந்த புட்சர் காலை நீட்ட, ஷில்டனையும் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை வலைக்குள் தள்ளினார். மொத்தம் பத்துப் பதினோரு வினாடி ஓட்டம். 2002இல் ஃபிஃபா நடத்திய வாக்கெடுப்பில் நூற்றாண்டின் சிறந்த கோலாகத் தேர்வானது இதுதான். இதைப் பற்றிப் பேசும்போது யாரும் நடுவரை நினைப்பதில்லை. ஆனால் அந்த ஓட்டம் முழுக்கப் பின்னாலேயே ஓடிவந்தவர் பின் நாசர். வழியில் மூன்று முறை மரடோனாவை வீழ்த்தப் பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் ‘அட்வான்டேஜ்’ என்று கத்தி ஆட விட்டேன் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு முறை ஊதியிருந்தாலும் அர்ஜென்டினாவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்திருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கோலும் பிறந்திருக்காது.

அன்றைய அட்வான்டேஜ் விதி இன்றையதைவிடக் கடுமை. ஆட விட்டபின் ஆட்டக்காரர் தடுமாறி விழுந்தால், மனம் மாறி ஃபவுலுக்குத் திரும்ப இன்றைய நடுவருக்குச் சில வினாடி அவகாசம் உண்டு. 1986இல் அது கிடையாது, விட்டது விட்டதுதான். சற்று முன்புதான் முதல் கோலை எதிர்த்து இங்கிலாந்து வீரர்கள் அவரைச் சூழ்ந்து முறையிட்டிருந்தார்கள். அந்த நிலையில் எந்த மனிதனுக்கும் கை தானாக விசிலுக்குப் போகும். ஊதுவது பத்திரமான காரியம். அவர் பத்திரம் தேடவில்லை.

நடுவரை மதிப்பிடுவதற்கென்றே சர்வதேச ஆட்டங்களுக்கு ஆள் அனுப்புகிறார்கள். யூஃபாவின் பார்வையாளர் பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளியோடு மதிப்பெண் போடுகிறார். ஆட்டம் எவ்வளவு கடினமானது என்பதையும் குறிக்கிறார். நமக்கு அந்த நிதானம் இல்லை. தவறுகளைக்கூட நாம் ரகம் பிரிப்பதில்லை. 2006 உலகக் கோப்பையில், ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த குரோஷியா–ஆஸ்திரேலியா ஆட்டத்தில் இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் சிமுனிச்சுக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவது அட்டையோடு அவர் வெளியேறியிருக்க வேண்டும். சிமுனிச்சின் எண் 3. குறிப்பேட்டில் அந்த அட்டையை ஆஸ்திரேலியாவின் 3ஆம் எண் கணக்கில் எழுதிக்கொண்டதுதான் வினை. கண்ணுக்கு மறைந்து போனதும் கவனம் பிசகியதும் ஒன்றாகுமா? இரண்டையும் ‘நடுவர் சொதப்பல்’ என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறோம்.

2018 முதல் உலகக் கோப்பையில் வீடியோ உதவி நடுவர்கள் இருக்கிறார்கள். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகியவற்றில் பளிச்சென்று தெரியும் தவறுகளை அவர்கள் திருத்துகிறார்கள். பின் நாசருக்கு அது இருந்திருந்தால் முதல் கோல் செல்லாமல் போயிருக்கும். நல்ல ஏற்பாடுதான், வேண்டியதுதான். ஆனால் நடு மைதானத்தில் அவசரப்பட்டு ஊதிய ஒரு ஃபவுல் விசிலால் தொடங்கும் முன்பே செத்துப்போன தாக்குதலை எந்தத் திரையிலும் ஓட்டிக் காட்ட முடியாது. நடக்காததற்கு ரீப்ளே இல்லை.

2022 டிசம்பர் 18 அன்று லுசைலில் நடந்த அர்ஜென்டினா–பிரான்ஸ் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இதற்குச் சாட்சி. 3–3 சமநிலை, மூன்று பெனால்டி, பிறகு பெனால்டி ஷூட்அவுட். போலந்து நடுவர் ஷிமோன் மார்ச்சினியாக் பரவலாகப் பாராட்டப்பட்டார். மெஸ்ஸியின் இரண்டாவது கோலின்போது அர்ஜென்டினாவின் மாற்று வீரர்கள் மைதானத்துக்குள் வந்திருந்தார்கள் என்று பிரான்ஸ் தரப்பில் முறையிட்டார்கள். அதற்கு அவர் பதிலும் சொன்னார். ஆனால் இறுதி ஆட்டத்தில் தன் தவறு என்று அவராகவே முன்வந்து சொன்னது வேறொன்று. அர்ஜென்டினாவின் அகூன்யா ஃபவுல் செய்தபோது, அடிபட்ட வீரரை எண்ணி விசில் ஊதிவிட்டாராம். பிரான்ஸ் அப்போது எதிர்த்தாக்குதலுக்குக் கிளம்பியிருந்தது. ஆட விட்டுவிட்டு, அட்டையைப் பிறகு காட்டியிருக்கலாம் என்றார். ஃபவுல் உண்மையான ஃபவுல். விசில் விதிப்படியான விசில். கோடிக்கணக்கானோர் பார்த்த ஆட்டத்தில் அதை எவரும் பெரிய தவறாகப் பேசவில்லை. தான் ஊதாமல் இருந்திருந்தால் பிரான்ஸ் எதுவரை போயிருக்கும் என்று யோசித்தவர் அவர்தான்.