பன்னிரண்டு வயதுக்கு முன்பே சொல்ல வேண்டியது

13 முதல் 15 வயது வரையுள்ள இந்தியப் பள்ளி மாணவர்களிடையே 2019-இல் புகையிலைப் பழக்கம் குறித்து ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மெல்லும் புகையிலையைத் தொட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் பத்து வயது நிரம்புமுன்பே தொட்டிருந்தார்கள். பீடியைத் தொட்டவர்களில் பாதிப் பேர் பத்தரை வயதுக்குள், சிகரெட்டைத் தொட்டவர்களில் பாதிப் பேர் பதினொன்றரை வயதுக்குள். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது அது. நாமோ புற்றுநோயைப் பற்றிப் பேசத் தொடங்குவது நாற்பதைக் கடந்தவர்களிடம். அதுவும் பெரும்பாலும் நோய் வந்த பிறகு.

நடுநிலைப் பள்ளியின் அறிவியல் வகுப்பிலேயே புற்றுநோய்த் தடுப்பைக் கற்பிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வாரம் ஒரு நாள் வந்துபோகும் அறிவுரையாக அது இருந்தால் போதாது. பாடமாக, சோதனையாக, கேள்வியாக இருக்க வேண்டும்.

புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு தடுக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகையிலை, மது, சில கிருமித் தொற்றுகள், உடற்பருமன், மாசுபட்ட காற்று ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். பாக்கும் இந்தப் பட்டியலில் உண்டு. புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்குப் போடுவதும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தாம்பூலத்தை மங்கலமாகக் கொள்ளும் வீடுகளில் இதைச் சொல்வது கடினம். சொல்லாமல் விடுவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

இதற்கெனத் தனிப் புத்தகம் தேவையில்லை. செல்லைப் பற்றிய பாடம் இருக்கிறது. அதோடு செய்யும் எளிய சோதனையும் இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியால் மெல்ல வருடி, எடுத்ததைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் மாணவர் தம் உடம்பின் செல்களையே காண்பார். ஆசிரியர் அங்கே நின்று பேச வேண்டும். இந்தச் செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. புதியவை பிறந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது. அதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றைச் செல்லே திருத்திக்கொள்ளும். புகையிலையில் உள்ள நைட்ரோசமைன் போன்ற நச்சுகள் அந்தப் பிழைகளைப் பெருக்குகின்றன. திருத்தப்படாத பிழைகள் பல ஆண்டுகள் சேர்ந்து, நிற்காமல் பிரியும் செல்லை உருவாக்கிவிடுகின்றன. ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலையையும் குட்காவையும் அடக்கிவைப்பது இதே கன்னத்தில்தான். நம் நாட்டு ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவதும் வாய்ப் புற்றுநோய்தான். இவ்வளவையும் ஒரே வகுப்பில் சொல்லிவிடலாம். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பிள்ளை தாத்தாவின் வாயையும் கவனிக்கும்.

அறிவியலின் வழியையும் இங்கேயே கற்பிக்கலாம். லண்டனில் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி அள்ளியவர்கள் சிறுவர்கள். வளர்ந்தபின் அவர்களில் பலருக்கு விதைப்பைத் தோலில் புற்றுநோய் வந்தது. அதற்குக் காரணம் உடம்பில் படிந்த கரிதான் என்று பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775-இல் எழுதினார். செல்லின் இயக்கம் எதுவும் அன்று தெரியாது. இவர்களுக்கு மட்டும் ஏன் வருகிறது என்று ஒருவர் கேட்டதால் வழி பிறந்தது.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தயக்கத்தால் விட்டுவிடக் கூடாது. எச்.பி.வி. என்ற வைரஸே அதற்குக் காரணம் என்று கண்டறிந்த ஹெரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸைத் தடுக்கும் ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட தடுப்பூசியும் 2023-இல் வந்துவிட்டது. பெரியம்மை, போலியோ ஊசிகளைப் போல இதையும் தடுப்பூசிப் பாடத்தில் வைத்து, ஆண் பிள்ளைகளும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

கற்பிக்கும் முறையில் இரண்டு அறங்கள் உண்டு. முதலாவது, அச்சுறுத்தக் கூடாது. சிதைந்த வாயின் படத்தைக் காட்டினால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். காரணத்தைக் காட்டினால் சிந்திக்கும். இரண்டாவது, நோயாளியைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. அந்த வகுப்பிலேயே தாய்க்குப் புற்றுநோய் உள்ள ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கலாம். எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும், சிறு குழந்தைகளுக்கும் இந்நோய் வருகிறது. இது தொற்றாது, நோயாளியோடு ஒரே தட்டில் உண்ணலாம். இந்த உண்மைகளைச் சொல்லாத பாடம் பாதிப் பாடம்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பெரியவர்களின் நடத்தை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எங்குமே விற்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இது. வகுப்பில் தீமை என்று கேட்டதை வாசலில் சரமாகத் தொங்கக் கண்டால், பிள்ளை நம்புவது வாசலைத்தான். அப்பாவுக்குப் பீடி வாங்கக் கடைக்குப் போகும் பிள்ளைக்கும் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று தேவைப்பட்டது சிகிச்சைக்கு ஓர் இடம். இன்று அதோடு, நோய் வருமுன் சொல்லித்தரும் இடமும் தேவை. அந்த இடம் ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே கட்டப்பட்டு நிற்கிறது. ஆசிரியர்களே, செல் பாடத்தை இந்த ஆண்டு இதுவரை சொல்லித்தராமல் விட்டதையும் சேர்த்து நடத்துங்கள். பெற்றோரே, பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கும் கேள்விக்கு, பழக்கத்தை விட்டு விடை சொல்லுங்கள்.