திரிகைக் கல்லும் மின்கம்பியும்

கடன்பட்டவனிடம் அடகு வாங்கலாம், ஆனால் அவன் வீட்டுத் திரிகைக் கல்லை வாங்கக் கூடாது என்கிறது விவிலியத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரம். அன்றாடம் மாவரைக்கிற கல் போய்விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. கல்லை எடுத்தவன் உயிரையே அடகாக எடுத்தவன் ஆகிறான் என்று காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது. கடன் கடன்தான், வசூலிக்கும் கைக்குத்தான் எல்லை போடப்படுகிறது. இலங்கையில் பொருளாதாரம் சரிந்த நாட்களில், மின்கட்டணம் கட்டாத வீடுகளின் இணைப்புகள் இலட்சக்கணக்கில் துண்டிக்கப்பட்டன. கட்டாதவருக்கும் கட்ட முடியாதவருக்கும் அரசு ஒரே தண்டனையைக் கொடுக்கலாமா என்ற கேள்வி அப்போது நம் முன் வந்து நின்றது. கொடுக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 30 அலகு என்றால் நாளுக்கு ஒரு அலகு. மூன்று எல்ஈடி மின்குமிழ்கள் இரவில் ஐந்து மணிநேரம், ஒரு மின்விசிறி எட்டு மணிநேரம், கொஞ்ச நேரம் தொலைக்காட்சி, கைத்தொலைபேசிக்குச் சார்ஜ். அத்தோடு அந்த அலகு தீர்ந்துவிடும். 2022 ஓகஸ்டுக்கு முன்பு இப்படி வாழ்ந்த வீட்டுக்கு அலகு 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய்; மாத பில் 105 ரூபாய். ஓகஸ்டில் அது 360 ரூபாயானது. 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாய். அதில் 400 ரூபாய் நிலையான கட்டணம். ஒரு விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் இருந்தாலும் கட்டியாக வேண்டிய காசு அது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதமாக இருந்தது. ஓராண்டுக்குள் நாட்டின் வறுமை இரட்டிப்பானதாக உலக வங்கி கணித்தது. கரண்ட் போனால் குப்பி விளக்கைக் கொளுத்தலாமே என்பார்கள். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதும் அதே 2022 ஓகஸ்டில்தான். யாழ்ப்பாணம் போன்ற கிணற்று நாட்டில் கம்பி வெட்டப்பட்டால் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் நின்றுவிடும். இன்றைய வீட்டின் திரிகைக் கல் அந்தக் கம்பி.

இந்தத் தீவின் மற்றச் சமயங்களும் இதில் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. பாளி நூல்களில் வரும் கூடதந்த சூத்திரத்தில், பெரும் வேள்வி செய்ய ஆசைப்படும் அரசனை அவன் புரோகிதர் தடுக்கிறார்: நாடு நொந்து கிடக்கையில் வரி போடுவது தகாது, உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் முதலில் போய்ச் சேரட்டும் என்கிறார். கடன்காரர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்களின் பசிதீர்க்கச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. இவற்றையெல்லாம் இரக்கம் என்ற பெயரில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இரக்கம் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. இங்கே பேசப்படுவது நீதி. செய்ய இயலாத ஒன்றைச் செய்யவில்லை என்று யாரையும் குற்றவாளியாக்க முடியாது. குற்றமில்லாத இடத்தில் தண்டனைக்கு வேலையில்லை. வழிபாட்டிடங்களின் மின்கட்டணம் உயர்ந்தபோது அவற்றுக்குச் சலுகை கேட்டார்கள். வருமானமில்லாத கிராமத்து விகாரைக்கும் சிறு கோயிலுக்கும் அது நியாயமே. அதே நியாயம் மதிலுக்கு அப்பாலுள்ள வீட்டுக்கும் உண்டு என்பதை அந்தப் பீடங்களிலிருந்து நாம் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

நிலக்கரியும் எரிபொருளும் சும்மா வருவதில்லையே என்ற மறுப்பு வலுவானது. ஒன்பது ஆண்டுகள் உயராமல் கிடந்த கட்டணத்தின் நட்டத்தை யாரோ சுமந்தார்கள். பணத்தை அச்சிட்டு ஈடுகட்டினால் ஏறுகிற விலைவாசி ஏழையைத்தான் முதலில் அடிக்கும். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொத்தச் செலவு எவ்வளவு என்பதைத்தான் இந்த வாதம் சொல்லும். அதில் யார் எவ்வளவு சுமப்பது என்பதைச் சொல்லாது. 2022 ஓகஸ்ட் உயர்வு சராசரியாக 75 சதவீதம்; நாம் பார்த்த 30 அலகு வீட்டுக்கோ பில் மூன்று மடங்கைத் தாண்டியது. 2023 ஜூலையில் அதே வீட்டின் பில் 450 ரூபாயாக இறங்கியது. ஐந்து மாதத்தில் மூன்றில் ஒன்றாகக் குறைக்க முடிந்த தொகை, பெப்ரவரியில் வேறு வழியே இல்லாத தொகையாக இருந்தது என்பதை எப்படி நம்புவது?

வெட்டமாட்டார்கள் என்று தெரிந்தால் ஒருவரும் கட்டமாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. பாக்கிக்காக வீடுகளின் குடிநீரைத் துண்டிப்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். தண்ணீர்க் கம்பனிகள் பாக்கியை மற்றக் கடன்களைப் போல நீதிமன்றம் போய் வசூலிக்கின்றன, குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது. முடியாதவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உண்மையிலேயே கடினம். மீற்றரை மட்டும் நம்பினால் வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வீடும் 30 அலகுக்குள் வந்துவிடும். எட்டுப் பேர் நெருங்கி வாழும் ஏழை வீடு 90 அலகைத் தாண்டிவிடும். அதனால் யாராவது ஒருவர் அந்தப் படலையைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்கத்தான் வேண்டும். எந்த வீட்டில் உழைக்கும் கை முடங்கிக் கிடக்கிறது என்பதை அறிந்த கிராம அலுவலர் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார். பாக்கியை எச்சரிக்கும் சிவப்பு அறிவித்தலுக்கும் துண்டிப்புக்கும் நடுவில் அவருடைய ஒரு வரி அறிக்கையைக் கட்டாயமாக்கலாம். பாக்கி தவணைகளாகக் கணக்கில் நிற்கட்டும். ஒரு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போதுமான மின்சாரம் அந்தக் கம்பியில் ஓடட்டும்.