திருப்பி வைக்காத ரொட்டி



இறைவாக்கினர் ஒசேயா நூலின் ஏழாம் அதிகாரத்தை இந்தத் தவக்காலத்தில் ஒருமுறை வீட்டில் எடுத்து வாசியுங்கள். அடுப்பங்கரையின் வெக்கை அடிக்கும் அதிகாரம் அது. மாவு பிசைந்து புளிக்க வைத்திருக்கிறார்கள். அடுப்பு கனன்றுகொண்டே இருக்கிறது. இரவெல்லாம் உள்ளுக்குள் புகைந்த சினம் விடியற்காலையில் கொழுந்துவிடுகிறது. அதே மூச்சில், எப்ராயிம் மக்களைத் திருப்பிப் போடாமல் விட்ட அப்பத்துக்கு ஒப்பிடுகிறார் ஒசேயா. ஒரு பக்கம் கரிந்துவிட்டது, மறுபக்கம் இன்னும் மாவு. எடுத்துச் சாப்பிடவும் முடியாது, மறுபடி பிசையவும் முடியாது.

இதைத் தியானிக்கும்போது, நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளில் இருந்த வார்ப்பிரும்பு அடுப்பை நினைத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் விறகோ நிலக்கரியோ எரியும் தீயறை. அதை ஒட்டியே ரொட்டி சுடும் ஓவன். மேலே சட்டி பானை வைக்கும் தட்டு, பின்னால் புகைபோக்கி. வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் இன்றைக்கு நாம் திருகுகிற குமிழ் அதில் கிடையாது. பழைய அடுப்புகளில் வெப்பமானியும் இல்லை. ரொட்டிக்குச் சுமார் 200 டிகிரி வேண்டும், கேக்குக்கு அதைவிடக் குறைவாக வேண்டும். அந்த வீட்டுப் பெண் ஒரு வெள்ளைத் தாளை உள்ளே வைத்து, அது எவ்வளவு நேரத்தில் பழுப்பாகிறது என்று பார்ப்பாள். அல்லது கையை உள்ளே நீட்டி, எத்தனை எண்ணும் வரை தாங்க முடிகிறது என்று கணக்கிடுவாள்.

ஓவன் சூடாகவில்லை என்றால், பழக்கமில்லாதவர் உடனே செய்வது விறகை அள்ளித் திணிப்பது. தீ கொழுந்துவிடும், மேல்தட்டு பழுக்கும், ஓவனோ அப்படியே இருக்கும். ஏன் என்று கேளுங்கள். புகைபோக்கிக்குப் போகும் வழியில் ஒரு தகடு இருக்கிறது. அது திறந்திருந்தால் சூடான புகை நேரே மேலேறி வெளியே போய்விடும். தீ மூட்டும் நேரத்துக்கு அது நல்லது, நெருப்பு சட்டென்று பிடிக்கும். தீ நிலைத்த பிறகு அந்தத் தகட்டைச் சாத்த வேண்டும். அப்போதுதான் புகைக்கு நேர்வழி அடைபட்டு, ஓவனின் தலைக்கு மேலே போய், மறுபக்கமாக இறங்கி, அடிவழியே சுற்றி, தன் சூட்டையெல்லாம் இரும்புக்குக் கொடுத்துவிட்டு வெளியேறும். ரொட்டியை வேகவைக்கும் சூட்டைத் தந்தது விறகுதான். ஆனால் வெளியேறும் முன் அந்தச் சூடு சுற்றி வந்த பாதை இல்லாவிட்டால் ரொட்டி இல்லை.

நம்மில் பலருக்கு விறகுக்குக் குறைவில்லை. பக்தி இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, நியாயமான கோபமும் இருக்கிறது. திருவிழாவுக்குக் கொடி ஏற்றும் நாளில் நம் ஊரில் எரிகிற உற்சாகத்தை நான் ஆண்டுதோறும் கண் நிறையப் பார்க்கிறேன், அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அந்த உற்சாகம் வாணமாக மேலே போய்விடுகிறதா, அல்லது நம் வீட்டுக்குள் சுற்றி வருகிறதா? படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரின் அறைக்குள் அது போகிறதா? சொத்துப் பிரிவினையில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் வீட்டு வாசல்வரை போகிறதா? கோயிலில் பழுத்து, வீட்டில் பச்சையாக இருப்பவரைத்தான் ஒசேயா பார்த்தார்.

அந்த இரும்பு அடுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. புகை எவ்வளவுதான் சுற்றினாலும், தீயறையை ஒட்டிய பக்கம் எப்போதும் சூடு அதிகம். பாதி வெந்ததும் ரொட்டியைத் திருப்பி வைக்காவிட்டால் அந்தப் பக்கம் கருகும். குடும்பத்தில் நம் சூட்டுக்கு மிக அருகில் இருப்பவர்கள் யார்? மனைவி, கணவன், பிள்ளைகள். அலுவலகத்தில் மேலதிகாரி முன் அடக்கிக்கொண்ட சூடெல்லாம் அவர்கள்மேல்தான் அடிக்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்கு நம் கனிவு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கரிவு. தந்தையரே, இதை உங்களுக்கென்றே சொல்கிறேன். இரும்பு சீக்கிரம் ஆறாது. தீயறைக்குக் காற்று போகும் வாசலை மூடித் தீயைத் தணித்த பிறகும் அந்த அடுப்பு நெடுநேரம் சூட்டை விடாது. அதனால் தேர்ந்த கை, ஓவன் மிஞ்சிக் காய்வதற்கு முன்பே காற்றைக் குறைத்துவிடும். காய்ந்த பிறகு கதவைத் திறந்து வைப்பதெல்லாம் அவசர வைத்தியம். நீங்கள் கத்தி ஓய்ந்து, சாப்பிட்டுத் தூங்கிவிடுவீர்கள். பத்து வயதுப் பிள்ளை தூங்காமல் கிடக்கும்.

அப்படியானால் தீயை அணைத்துவிடலாமா? கோபமே வராத, எதற்கும் சூடேறாத மனிதர்களாக ஆகிவிடலாமா? ஆண்டவர் அதைக் கேட்கவில்லை. வெதுவெதுப்பாக இருந்த லவோதிக்கேயா சபையிடம் அவர் என்ன சொன்னார் என்று திருவெளிப்பாட்டில் படித்திருக்கிறோம். திமொத்தேயுவுக்கு எழுதும் பவுலடியாரும், பெற்ற அருள்கொடையை மறுபடி கனன்றெரியச் செய்யத்தான் கேட்டுக்கொள்கிறார்.

தீ கனன்றெரியக் காற்று வேண்டும். காற்று வரச் சாம்பலை அள்ள வேண்டும். விறகு, சிறிது சாம்பல் படுகையின்மேல் நன்றாகவே எரியும், நிலக்கரி அப்படியில்லை. தீயறையின் அடியிலுள்ள கம்பிகளின் வழியே கீழிருந்து காற்று ஏறினால்தான் அது எரியும். நேற்றைய சாம்பல் அடைத்துக்கொண்டால் தீ மூச்சுத் திணறும். சாம்பலோடு புகைக்கரியும் சேர்ந்து ஓவனின் அடிவழியை அடைத்துவிட்டால் ரொட்டியின் அடிப்பாகம் வேகவே வேகாது. மேலே எவ்வளவு எரித்தாலும் பயனில்லை. எனவே காலையில் முதல் வேலை சாம்பல் அள்ளுவது.

லேவியர் நூலின் ஆறாம் அதிகாரம் இதை எவ்வளவு உயர்வாக வைக்கிறது பாருங்கள். பலிபீடத்து நெருப்பு அணையக்கூடாது என்பது நமக்குத் தெரியும். அதற்கு முன்பே, குரு நார்ப்பட்டு உடை உடுத்திக்கொண்டு பீடத்துச் சாம்பலை அள்ளிப் பக்கத்தில் வைக்கவேண்டும், பிறகு உடை மாற்றிக்கொண்டு அதைப் பாளையத்துக்கு வெளியே தூய்மையான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. சாம்பல் அள்ளுவது எடுபிடி வேலையாக அங்கே கருதப்படவில்லை. குருவே செய்யும் திருப்பணி அது. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டீர்கள். உள்ளே கிடப்பதை அள்ளினீர்களா? பத்து ஆண்டுகளுக்கு முன் சம்பந்தி வீட்டில் கேட்ட ஒரு சொல், இன்றும் உங்கள் நெஞ்சில் காற்றை அடைத்துக்கொண்டிருக்கிறதா?

இந்த அடுப்பையே மாற்றி அமைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சுவீடன் நாட்டில் குஸ்தாவ் டாலன் என்ற பொறியாளர் இருந்தார். கலங்கரை விளக்குகள் பகலில் தாமாக அணைந்து இருட்டில் தாமாக எரியும்படி ஒரு கருவி செய்தவர். 1912இல் ஒரு வெடிவிபத்தில் இரண்டு கண்களும் போயின. அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவருக்காக அவருடைய சகோதரர் போய்ப் பெற்றுக்கொண்டார். பார்வையின்றி வீட்டில் இருந்தபோது, மனைவி எல்மா அடுப்போடு படும் பாட்டை அவர் உணர்ந்தார் என்று சொல்வார்கள். 1922இல் ஒரு புதிய அடுப்பை வடிவமைத்தார். அதில் தீ சிறியது, ஆனால் இரவும் பகலும் அணையாது. கனத்த இரும்பு அந்தச் சூட்டை வாங்கிச் சேமித்து வைக்கும். சூடு ஏறினால் உள்ளே போகும் காற்று தானாகவே குறையும், இறங்கினால் கூடும். பார்வை உள்ள எத்தனையோ ஆண்கள் தினமும் தங்கள் வீட்டு அடுப்பங்கரையைக் கடந்துதான் போனார்கள். மனைவியின் களைப்பு, கண் தெரியாத ஒருவருக்குத் தெரிந்தது. நெருப்பை நன்றாக ஆளும் மனம், பக்கத்தில் இருப்பவரின் களைப்பை உணர்வதில்தான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, ஆண்டவர் ஒருவரின் சூட்டை எப்படி ஆண்டார் என்று பார்க்கத் திருத்தூதர் யோவானிடம் வருவோம். அவருக்கும் அவருடைய சகோதரர் யாக்கோபுக்கும் ஆண்டவரே இடியின் மக்கள் என்று பெயர் வைத்தார். அவ்வளவு சூடு. சமாரியர் ஊர் ஒன்று இயேசுவை ஏற்க மறுத்தபோது, வானிலிருந்து நெருப்பை இறக்கி ஊரையே அழித்துவிடலாமா என்று இருவரும் கேட்டதை லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தில் எழுதுகிறார். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார். யோவானைத் திருப்பி அனுப்பவில்லை, உன்னிடம் சூடு அதிகம், நீ எனக்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூடவே வைத்துக்கொண்டார். தாம் தோற்றம் மாறிய மலைக்கு அழைத்துப்போன அவரையே கெத்சமனிக்கும் அழைத்துப்போனார். கடைசியில் சிலுவையடியில் தம் தாயை அவர் பொறுப்பில் விட்டார். சூட்டுக்கு வழி அமைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில், சமாரியர் இறைவார்த்தையை ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தி எருசலேமுக்கு வருகிறது. அங்கே யாரை அனுப்புகிறார்கள்? பேதுருவையும், இதே யோவானையும். நெருப்பு கேட்ட அதே சமாரியாவுக்கு அவர் போகிறார். அந்த மக்களின் தலைமேல் கை வைக்கிறார், அவர்கள் தூய ஆவியைப் பெறுகிறார்கள்.

இந்த வாரம் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும், சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு முன்பும் நான் ஒப்புரவு அருள்சாதனத்துக்காகக் காத்திருப்பேன். வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைத் தனியே விட்டு வரமுடியாத தாய்மார்கள், வேறு நேரம் வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள். பேச்சு நின்றுபோன வீட்டுக்குப் போகத் துணை வேண்டும் என்றாலும் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.