வேட்டையும் அளவும்

கொல்வதற்கு எந்தக் கருவியைத் தேர்வது என்பது அறத்தைச் சார்ந்த கேள்வியா, வெறும் தொழில் நுணுக்கமா? வேட்டையாடுவோரைக் கேட்டால், அது துப்பாக்கி விற்பவரிடம் கேட்க வேண்டியது என்பர். எந்த விலங்குக்கு எத்தனை எடையுள்ள குண்டு, எவ்வளவு அகலமுள்ள குழல் என்று அவர்கள் வரிசைப்படுத்தி வைத்திருக்கின்றனர். மார்க்க நூல் கற்றோரைக் கேட்டால், அவ்வாறு கொல்லப்பட்டது உண்ணத் தகுமா, தகாதா என்ற அளவில் நிறுத்திக் கொள்வர். இரு சாராரும் தனித்தனியே பேசிக் கொண்டிருப்பதால், நடுவே ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. சாகப்போகும் உயிருக்குக் கொல்பவன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்பதே அது. துப்பாக்கியின் அளவைப் பற்றிய வாதம் முழுவதும், ஆழ்ந்து நோக்கினால், இந்தக் கடனைப் பற்றிய வாதமே என்று நாம் கருதுகிறோம்.

முதலில் பொருளை விளங்கிக் கொள்வோம். ரைஃபிளின் காலிபர் என்பது அதன் குழலின் உள்விட்டம். ஆங்கிலேயர் அதை அங்குலத்தின் பின்னமாகக் குறித்தனர். 0.275 என்றால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அதில் செல்லும் குண்டு 9 கிராம் அளவில் இருக்கும். 0.400 என்றால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். குண்டு 26 கிராம். விட்டத்தில் வேறுபாடு 3 மில்லிமீட்டர்தான். எடையிலோ ஏறக்குறைய மூன்று மடங்கு. சிறிய குண்டு வேகமாகப் பாயும். சுடுபவனின் தோளை அதிகம் உதைக்காது. ஆதலால் குறி நிலைக்கும். பெரிய குண்டு தடித்த எலும்பையும் உடைத்து உள்ளே செல்லும், ஆனால் அதன் உதைப்புக்கு அஞ்சுபவன் விசையை இழுக்கும் நொடியில் தன்னையறியாமல் கண்ணை மூடுவான், கை விலகும். ஒன்றில் வலிமை குறைவு. மற்றொன்றில் குறி தவறும் அச்சம். நூலின் பருமனை அறியாமல் அச்சைத் தேர்பவர் நல்ல நெசவாளர் ஆகார் என்பதை நம் ஆரணி வட்டாரத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தறியில் பிழை நேர்ந்தால் சேலை ஒன்றுதான் கெடும். வேட்டையில் பிழை நேர்ந்தால் என்னவெல்லாம் கெடும் என்பதற்கு வடநாட்டிலிருந்து ஒரு சான்று உண்டு.

இமயத்தின் அடிவாரத்தில் குமாவோன் என்னும் மலைநாடு இருக்கிறது. இன்று அது உத்தராகண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே சம்பாவத் என்ற ஊரின் பக்கத்தில் ஒரு பெண்புலியை 1907ஆம் ஆண்டு ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக அப்புலி 436 மனிதரைக் கொன்றிருந்தது என்று 1944இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதியுள்ளார். அச்செயலுக்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்கு ரிக்பி நிறுவனத்தின் 0.275 ரைஃபிளை வழங்கினார். பின்னாளில் கார்பெட் அந்த இலேசான துப்பாக்கியையும், ஜெஃப்ரி நிறுவனத்தின் 0.400 அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியையும் சூழ்நிலைக்கேற்பக் கையாண்டார். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று துப்பாக்கிப் பிரியர்கள் வாதிடுவர். நமக்கோ அந்த வாதத்தைவிட முக்கியமானது, இறந்த புலியின் வாயில் அவர் கண்ட காட்சி. வலப்பக்கத்துக் கோரைப்பற்களில் மேற்பல் பாதியளவும், கீழ்ப்பல் எலும்பு வரையும் உடைந்திருந்தன. அது பழைய துப்பாக்கிக் காயம். இயற்கையாகத் தனக்குரிய இரையைப் பிடிக்க இயலாமற் போனதாலேயே அப்புலி மனிதரிடம் திரும்பியது என்பது அவர் கண்ட முடிவு.

பெயர் தெரியாத ஒருவன் என்றோ ஒருநாள் சுட்டான். குறி தவறியதோ, குண்டு போதாமற் போனதோ, புலி ஓடிவிட்டது. அவனும் வீடு திரும்பிவிட்டான். அன்றிரவு அவன் நிம்மதியாக உறங்கியிருக்கவும் கூடும். அந்த ஒரு குண்டுக்கு விலை கொடுத்தவை, அவனை ஒருபோதும் கண்டிராத நூற்றுக்கணக்கான ஏழைக் குடும்பங்கள். மனிதரைத் தின்னும் நிலைக்கு வரும் புலிகளில் பத்தில் ஒன்பது காயத்தாலும் ஒன்று முதுமையாலும் அந்நிலையை அடைகின்றன என்பது கார்பெட்டின் கணிப்பு. அக்காயங்களில் முள்ளம்பன்றியின் முள் தைத்து வந்தவையும் உண்டு. அசட்டையாகச் சுட்டுவிட்டு, காயம்பட்ட விலங்கைத் தேடிச் செல்லாமல் விட்டவர்களால் வந்தவையும் உண்டு.

இதைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஒரு நபிமொழி. விரல்களுக்கிடையே சிறுகல்லை வைத்துச் சுண்டி எறிவதை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அக்கல் வேட்டைப் பிராணியையும் வீழ்த்தாது, பகைவனையும் தாக்காது. ஆனால் பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பது அதற்கு அவர்கள் கூறிய காரணம். இதனை அறிவிக்கும் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள், தாம் தடுத்த பின்னரும் ஒருவர் அவ்வாறு எறியக் கண்டு, அவருடன் பேசுவதையே நிறுத்திக் கொண்டார்கள். ஒரு கூழாங்கல்லுக்கு இத்தனை கண்டிப்பா என்று வியப்பவர் சம்பாவத் புலியின் உடைந்த பல்லை எண்ணிப் பார்க்கட்டும். காரியத்தையும் முடிக்காமல் ஊனத்தை மட்டும் விட்டுச் செல்லும் கருவி எதுவோ, அது கல்லாயினும் ரைஃபிளாயினும், இத்தடையின் கருத்துக்குள் அடங்கும் என்று கொள்வதில் தவறில்லை.

நம் ஃபிக்ஹ் நூல்களில் வேட்டையைப் பற்றிய பகுதி மாணவர்களுக்கு இன்று பயனற்றதாகத் தோன்றும். அம்பும், பயிற்றப்பட்ட நாயும், பருந்தும் எங்கே இருக்கின்றன என்று அவர்கள் கேட்பர். ஆனால் அப்பகுதியின் உயிர்நாடி கருவியன்று. சாவு எவ்வாறு நேர்ந்தது என்ற விசாரணையே. கொடைக்குப் பேர்போன ஹாத்திமின் மைந்தர் அதீ (ரலி) அவர்கள், இறகில்லாத கனத்த அம்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். அதன் கூர்முனை துளைத்துச் சென்றால் உண்ணலாம். அதன் பக்கவாட்டால் அடிபட்டுச் செத்தால், அது அடித்துக் கொல்லப்பட்டதாகும், உண்ணலாகாது என்று விடை வந்தது. அம்பு தைத்த பிராணி நீரில் கிடந்து செத்திருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். கொன்றது அம்பா நீரா என்பது தெரியாதல்லவா? துப்பாக்கி வந்த பின்னர் இவ்விசாரணை புதிய வடிவம் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன், ஈயக்குண்டுக்குக் கூர்மை இல்லை, அது தன் வேகத்தால் எரித்தும் தகர்த்துமே கொல்கிறது என்றார். அதே காலத்தில் யமன் நாட்டில் வாழ்ந்த ஷவ்கானி, குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் அது அம்பைப் போன்றதே என்றார். இவ்வேறுபாட்டுக்குத் தீர்ப்பு வழங்குவது இங்கே நம் நோக்கமன்று. முடிவில் வேறுபட்ட அவ்விருவரும் கேட்ட கேள்வி ஒன்றாக இருந்ததைக் காணுங்கள். இக்கருவி உயிரை எந்த வழியாகப் பிரிக்கிறது என்பதே அக்கேள்வி.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக யானை வேட்டையாடிய பெல் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுள் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய ரைஃபிளாலேயே வீழ்த்தினார். அப்படியானால் அளவில் என்ன இருக்கிறது? நியாயமான கேள்விதான். ஆனால் பெல், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கோணத்தில் அதை அடையலாம் என்று கற்றுக் கொண்டவர். குண்டின் சிறுமையைத் தம் அறிவால் ஈடுசெய்தார். அவருடைய துப்பாக்கியை மட்டும் எடுத்துக் கொண்டு அவருடைய அறிவை விட்டுவிட்டவர்கள் காயம்பட்ட யானைகளையே காட்டில் விட்டுச் செல்வர். இதனால்தான் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில், யானை, காட்டெருமை போன்றவற்றைச் சுட 0.375க்குக் குறைந்த துப்பாக்கியைச் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டம் பெல்லுக்காக எழுதப்படுவதன்று. நடுத்தரத் திறமை உள்ளவனுக்காக எழுதப்படுவது.

பெல்லிடம் வேறொரு கேள்வியையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு யானையும் நொடியில் செத்தது என்பதால் ஆயிரம் யானைகளின் சாவும் நியாயமாகிவிடுமா? ஒரு சிட்டுக்குருவியை உரிமையின்றிக் கொன்றவனும் இறைவனிடம் பதில் சொல்ல வேண்டும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. அதன் உரிமை என்ன என்று கேட்கப்பட்டபோது, அறுத்து உண்பதே, வீணே கொன்று எறிவதன்று என்று விளக்கம் தரப்பட்டது. ஆகவே, எப்படிக் கொன்றாய் என்பதற்கு முன்னால், ஏன் கொன்றாய் என்ற கேள்வி நிற்கிறது. முதற்கேள்விக்கு விடையில்லாதவனுக்கு எந்தக் காலிபரும் பொருந்தாது.

இந்தியாவில் துப்பாக்கியின் அளவை முடிவு செய்தவை வேறு காரணங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு 0.450 அளவுள்ள ரைஃபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. கிளர்ச்சிக்காரர்களிடம் இருந்த பழைய இராணுவத் துப்பாக்கிகளுக்கு அத்தோட்டாக்கள் பயன்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம். உடனே துப்பாக்கி நிறுவனங்கள் 0.465, 0.470 என்று புதிய அளவுகளைச் சமைத்தன. சுதந்திர இந்தியாவிலும் 0.303 அளவு பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டு, அரசு ஆலையில் 0.315 அளவுத் துப்பாக்கி அவர்களுக்கெனச் செய்யப்பட்டது. மறுபுறம், ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் பெரிய குழல்களைத் தங்கள் பெருமைக்கு அடையாளமாகக் கொண்டனர். அரசின் அச்சமும் செல்வரின் செருக்கும் அளவை நிர்ணயித்தன. சாகும் விலங்கின் ஹக்கை அங்கே எடுத்துப் பேச ஆளில்லை.

அந்த ஹக்கை முன்வைத்துப் பார்த்தால் விடை எளிது. இந்த மனிதன், இந்தத் தொலைவில், இந்த விலங்குக்கு விரைந்த சாவைத் தர வல்ல கருவியே உரிய அளவு. அதில் ஐயமிருந்தால் சுடாமலிருப்பது கடமை. சுட்டும் சாகாவிட்டால், உயிருக்கு ஆபத்தாயினும் பின்தொடர்ந்து அதன் துன்பத்தை முடிப்பது கடமை. 0.405 வின்செஸ்டர் துப்பாக்கியோடு நம் பழைய சேலம் மாவட்டக் காடுகளில் திரிந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனும், வடக்கே கார்பெட்டும் ஏற்றுக் கொண்ட நெறி இதுவே.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த திருத்தங்களும் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவு கட்டிவிட்டன. அது நல்லதே. ஆனால் கேள்வி அதனுடன் முடியவில்லை. களம்பூரிலிருந்து மேற்கே நோக்கினால் ஜவ்வாது மலை தெரிகிறது. அம்மலையடிவாரத்து மணிலாக் கொல்லைகளில் ஓர் இரவில் காட்டுப்பன்றிகள் செய்யும் அழிவு, ஓர் உழவனின் ஆண்டு முழுவதையும் விழுங்கிவிடும். அவனுடைய துயரத்தை எளிதாகப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் அவன் கைக்கு எட்டும் கருவிகள் எவை? சுருக்குக் கம்பி, திருட்டு மின்வேலி, நாட்டுத் துப்பாக்கி, தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய். மின்வேலி, இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் பக்கத்து நிலத்துக்காரனையும் கொல்கிறது. பன்றிக்கென வைக்கும் வெடி என்ன செய்யும் என்பதை 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் நாடே கண்டது. சினையாய் இருந்த ஒரு யானை வெடி வைத்த காயைக் கடித்து, வாய் சிதைந்து, உண்ணவும் பருகவும் இயலாமல் நாட்கணக்கில் அலைந்து, ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டது. வேட்டைப் பிராணியை வீழ்த்தாமல் பல்லை உடைக்கும் என்ற எச்சரிக்கையின் பொருள் இதைவிடத் தெளிவாக விளங்க முடியுமா?

பன்றி ஹராமான பிராணி. அதற்கு என்ன இரக்கம் என்று கேட்போர் நம்மிடையே இருக்கின்றனர். ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை அவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது செம்மையை, இறைவன் விதித்திருக்கிறான் என்று அது தொடங்குகிறது. பின்னர் கொல்வதையும் அறுப்பதையும் தனித்தனியே கூறி, இரண்டையும் செம்மையாகச் செய்யப் பணிக்கிறது. அறுப்பது உண்பதற்கு உரிய பிராணியை. கொல்வது என்ற சொல்லோ உண்ணத் தகாததையும் உள்ளடக்கும். ஆகவே பன்றியின் இறைச்சி நமக்கு விலக்கப்பட்டிருப்பது, அதை வதைப்பதற்கான அனுமதி ஆகாது. தாகித்த நாய்க்கு நீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதைப் படித்த சமுதாயத்துக்கு இது புதிதன்று.

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடலாகாது. இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். உழவனின் கையிலிருந்து வெடியை விலக்க இது உதவுமானால் வரவேற்கத் தக்கதே. ஆனால் சுடும் காவலரிடம் தகுந்த துப்பாக்கியும் போதிய பயிற்சியும் உண்டா, காயம்பட்டு ஓடியதைத் தேடிச் செல்வாரா என்ற பழைய கேள்விகள் அங்கும் எழும்.

துப்பாக்கியைத் தொட்டே பாராத நம் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டுதோறும் பக்ரீத் அன்று நம் வாசலில் குர்பானி நடக்கிறது. கத்தியைத் தீட்டி வைப்பதும், அதைப் பிராணியின் கண்ணெதிரே தீட்டாதிருப்பதும், ஒன்றன் முன்னே மற்றொன்றை அறுக்காதிருப்பதும் நாம் கற்பிக்கும் பாடங்கள். ஆயினும் அன்று காலை மழுங்கிய கத்தியோடு அவசரப்படுவோரையும், சொந்தக் கையால் அறுத்தோம் என்ற பெருமைக்காகப் பழகாத கையை நீட்டுவோரையும் எந்த ஊரிலும் காணலாம். தாமே அறுப்பது சிறப்புத்தான். ஆனால் கை நடுங்குபவர் தேர்ந்தவரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு அருகில் நிற்பதற்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது. அந்த ஆட்டுக்கு அவர் செய்யக்கூடிய நன்மையும் அதுவே. இவ்வாண்டு பக்ரீதுக்கு ஒருநாள் முன்னதாகவே கத்தியை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் அழைத்து, ஏன் தீட்டுகிறோம் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.