சேமிப்பும் பதுக்கலும்

2022ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. கண்டிச் சுற்றாடலில் பலா, வாழை, மிளகு, கமுகு எல்லாம் ஒன்றாக வளரும் தோட்டமுடையோருக்கு அது நல்ல ஏற்பாடு. லயன் அறைகளில் வாழும் நம்மவர் பலருக்கோ சொந்த நிலமே இல்லை.

பலாக்கொட்டையை மணலில் புதைத்தும், பாகற்காயை வற்றலாக்கியும், எலுமிச்சையை உப்பிலிட்டும் வைப்பது நம் முன்னோர் வழக்கம். அது சேமிப்பு. அயல்வீட்டில் அடுப்பெரியாதபோதும் அந்தச் சாடியைத் திறவாதிருந்தால், அதே பண்டம் பதுக்கலாகிவிடும். வியாபாரி பதுக்கினால் குறைகூறும் நாம் இதை எண்ணுவதில்லை.

உழைத்தது நாமே எனலாம். மழையும் வெயிலும் மண்ணும் நாம் தந்தவை அல்லவே! ஆகவே, முதல் விளைச்சலை ஆலய அன்னதானத்துக்கு அளிப்பதுபோல, சாடியிலுள்ளதிலும் ஒரு பங்கை நிலமற்ற அயலவருக்கு ஒதுக்குவோமாக. அதுவும் இறைபணியே.