எந்தக் கோடு முதலில்?

சீன மொழியில் வயலைக் குறிக்கும் எழுத்து மிக எளிய வடிவினது. ஒரு சதுரம், அதனுள்ளே ஒரு சிலுவைக்குறி. வரப்புகளால் நான்காகப் பிரிந்த நிலம் என்று கொண்டால் மறக்கவே முடியாது. ஆயினும் அதனைப் பார்த்தபடி வரைந்துவிடுதல் எழுதுதல் ஆகாது என்பர் சீன ஆசிரியர். இடப்பக்கக் கோடு முதலாவது, மேலே ஓடி வலப்பக்கத்தில் மடங்கி இறங்குவது இரண்டாவது, உள்ளேயுள்ள கிடைக்கோடு மூன்றாவது, நிலைக்கோடு நான்காவது, அடிக்கோடு இறுதியில். ஆட்கள் உள்ளே புகுந்த பின்னரே கதவைச் சாத்தவேண்டும் என்று சிறுவர்க்கு இவ்விதியைச் சொல்லிக்கொடுப்பர். மூன்றாவது கோடு எது என்று தேர்விலும் வினாவுவர்.

ஈண்டு ஒரு கேள்வி எழுகின்றது. அடிக்கோட்டை முன்னரே இட்டுச் சதுரத்தை மூடிவிட்ட பிள்ளை எழுதியதும் அதே எழுத்துத்தான். மை உலர்ந்தபின் இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியாது. முடிந்த பொருளிற் குற்றமில்லை. வந்த வழியில் மட்டுமே குற்றம். அதனைக் குற்றமென்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?

இல்லையென்று விரைந்து விடைகூறவே நம் மனம் விழையும். அதற்குச் சான்றும் உண்டு. அதே வயலை யப்பானியப் பள்ளிகளில் எழுதுவிக்கும்போது மூன்றாவதாக வருவது நிலைக்கோடு. இடம், வலம் என்னும் இரண்டு எழுத்துக்களிலும் சீனர் கிடைக்கோட்டையே முதலில் இழுப்பர். யப்பானியரோ வலத்துக்குச் சாய்கோட்டை முற்படுத்துவர். கடல் கடந்தால் மாறும் ஒன்றை இயற்கையின் நியதி என்று கூறவொண்ணாது. வலக்கைக்கும் தூரிகைக்கும் இசைய வளர்ந்த வழக்கு அது. இடக்கைப் பிள்ளையை அது ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

எனினும், வழக்கு என்பதனாலேயே அது பொருளற்றதாகிவிடாது. நிதானமாக எழுதிய எழுத்தில் வழி தெரியாது என்றோம். விரைந்தெழுதும் கையிலே அது தெரிந்துவிடும். தூரிகை தாளைவிட்டு முற்றாக எழாமல் ஓடும்போது, ஒரு கோட்டின் வால் அடுத்த கோட்டின் தலையைத் தேடிச் செல்கின்றது. பலரும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் ஓடியதனாலேதான் ஒருவர் சுருக்கி எழுதியதை மற்றவர் வாசிக்க முடிந்தது. 1956ஆம் ஆண்டில் மக்கள் சீனம் எளிமையாக்கிய எழுத்துக்களுட் பல இவ்வோட்டத்திற் பிறந்தவையே. நூல் என்பதற்குரிய பழைய எழுத்துக்குப் பத்துக் கோடுகள், இன்றையதற்கு நான்கு. அந்நான்கையும் அறிஞர் எவரும் அறைக்குள் இருந்து கற்பனை செய்யவில்லை; ஓட்டமாக எழுதிய எத்தனையோ கைகள் தேய்த்துத் தந்தவை அவை. இன்னொன்று: பதவி பாராது பெயர்களை அடுக்க வேண்டுமிடத்துச் சீனர் குடும்பப் பெயரின் கோடுகளை எண்ணுவர், எண்ணிக்கை ஒத்துவந்தால் முதற்கோட்டின் வகையை நோக்குவர். அமைச்சரும் ஆலைத் தொழிலாளியும் கோட்டுக் கணக்கின்படி வரிசையில் நிற்கும் அப்பட்டியல் நமக்கு மிகவும் பிடித்தமானது.

ஆகவே ஒழுங்கின் நியாயத்தை வாசிப்பவனிடத்திலேயே தேடவேண்டும். வாசிப்பவனை மறந்த எழுத்தறிவு என்னாகும் என்பதை லூ சுன் 1919இல் வெளியிட்ட 'கொங் யிஜி' என்னும் கதையிற் காணலாம். தேர்வில் தேறாத அந்த ஏழைப் படிப்பாளி, மதுக்கடைச் சிறுவனிடம் பெருஞ்சீரகத்தைக் குறிக்கும் எழுத்தை எழுதத் தெரியுமா என்கிறான். அதன் ஓர் உறுப்பை நான்கு விதமாக எழுதலாமென்று பெருமையோடு விரலை மதுவில் தோய்க்கிறான். சிறுவனுக்கோ அலுப்பு. அக்கடையின் கணக்கேட்டில் அந்தச் சொல் ஏறுவதேயில்லை!

யப்பானியக் கல்வி அமைச்சு 1958இல் 881 எழுத்துக்களின் ஒழுங்கை விளக்கும் கைந்நூல் ஒன்றை வெளியிட்டது. அதில் இடம்பெறாத ஒழுங்குகளைப் பிழையெனக் கொள்ளவில்லை என்றும் அந்நூலிலேயே குறித்தது. சீனத்தில் 2021இல் நடைமுறைக்கு வந்த விதியோ 8105 எழுத்துக்களுள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கை வகுக்கின்றது. அகராதியை அடுக்கவும் கணினியில் எழுத்தைத் தேடவும் இத்தகைய ஒருமை வேண்டியதே. பொறிக்கு வேண்டிய ஒருமையை எட்டு வயதுப் பிள்ளையின் புள்ளியிலே கொண்டுவந்து இறக்குவது எதற்கு?

ஒழுங்கைக் கற்பிக்கத்தான் வேண்டும். முதல் வகுப்பிலேயே கற்பிக்கவேண்டும். ஆனால், மூன்றாவது கோட்டைக் கேட்டுப் புள்ளி குறைப்பதிலும், பிள்ளையை விரைவாக நாலு வரி எழுதவிட்டு, அடுத்த வாங்கிலிருப்பவளை அதை வாசிக்கச் சொல்வது மேல். அவள் தடுமாறும் இடத்தில், எந்தக் கோடு முந்திக்கொண்டது என்பதை இருவருமே கண்டுகொள்வர்.