தேசத்தின் கணக்கில் ‘நாம்’ யார்?

1

1991ஆம் ஆண்டு இந்தியாவின் தங்கம் அடகுக்குப் போனது. மே மாதம் 20 டன், பாரத ஸ்டேட் வங்கி வழியாகச் சுவிட்சர்லாந்து வங்கிக்கு. ஜூலையில் ஏறக்குறைய 47 டன், ரிசர்வ் வங்கியிலிருந்து இங்கிலாந்து வங்கிக்கும் ஜப்பான் வங்கிக்கும். சில வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி கையிருப்பு இருந்த நேரம் அது. வீட்டு நகையை வைக்கிற நிலைமை வந்துவிட்டதே என்று பேசினார்கள், எழுதினார்கள். தேசம் தன்னை ஒரு குடும்பமாகக் கற்பனை செய்துகொண்டது. மானமுள்ள, வாழ்ந்து நொடித்த குடும்பம். ஜூலை 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார். உரிமங்கள் தளர்ந்தன, அந்நிய மூலதனத்துக்குக் கதவு திறந்தது. குடும்பம் பிழைத்துக்கொண்டது என்று கதை முடிந்தது.

ஏரல் பஜாருக்கு அடகு வைக்கப் போகிற கூலிக்காரப் பெண்ணுக்கு இந்தக் கதையில் எந்த இடத்தில் அழவேண்டும் என்று தெரியாது. கார் நடவுக்கு முன்னால் உள்ளே போன கம்மல் பிசான அறுப்பு முடிந்து வெளியே வரும். ஆத்துல தண்ணி வரலைன்னா வட்டியிலேயே மூழ்கிப்போகும். வருஷா வருஷம் நடப்பதுதான். அதை யாரும் தேசத்தின் மானப் பிரச்சினை என்று எழுதியதில்லை. “நாடே நகைய வெச்சிட்டுதாம்லா” என்று அவளிடம் சொன்னால், “எங் கம்மல் முங்குனப்ப எந்த நாடு வந்து திருப்புச்சி?” என்றுதான் கேட்பாள். நியாயமான கேள்வி. நாம் நஷ்டப்பட்டோம், நாம் வளர்கிறோம், நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லப்படும்போது அந்த ‘நாம்’ யார்? அந்தப் பெயரில் தியாகம் கேட்க யாருக்கு உரிமை?

2

தேசம் ஒரு கற்பிதம் என்று 1983இல் பெனடிக்ட் ஆண்டர்சன் எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் விவாதித்திருக்கின்றன. தேசத்தின் பொருளாதாரமும் அப்படியொரு கற்பிதம்தான். கற்பிதம் என்றால் பொய் என்று அர்த்தமில்லை. நெல் உண்மை, கூலி உண்மை, பசி உண்மை. இவற்றையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டி, வாயைத் தைத்து, மேலே ‘இந்தியப் பொருளாதாரம்’ என்று எழுதி ஒட்டுவதுதான் கற்பனை. சுதந்திர இந்தியாவில் அந்த மூட்டையை நிறுத்துப்பார்க்க 1949இல் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைக்கப்பட்டது. எதை உள்ளே போடுவது, எதை வெளியே விடுவது என்று ஒவ்வொரு நாடும் முடிவு செய்தாக வேண்டும். நடவு நட்டவள் வாங்கும் கூலி உள்ளே ஏறும். அவளே வீட்டுக்கு வந்து உலை வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, படுத்துக் கிடக்கிற மாமியாரைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை ஏறாது. நம்மவர்கள் இழவு சொல்லப் போனதும், செத்த மாட்டைத் தூக்கியதும், பறையடித்ததும் நெடுங்காலம் உழைப்பு என்ற பெயரையே பெறவில்லை. வழக்கம் என்றார்கள், கடமை என்றார்கள். ஒரு வேலைக்குப் பெயர் வைக்க மறுத்துவிட்டால் அதற்கு விலை வைக்க வேண்டியதில்லை.

இது புதுப் பழக்கமும் அல்ல. ஏரலுக்குப் பக்கத்தில்தான் கொற்கை. கடல் பின்வாங்கிப் போனதால் இன்று உள்நாட்டில் கிடக்கிற சிற்றூர். பாண்டியரின் துறைமுகம், ரோமுக்கு முத்து அனுப்பிய ஊர் என்று மேடைகளில் பெருமையோடு சொல்லப்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானியர், இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் ஆண்டுக்குப் பத்துக் கோடி ரோமானிய நாணயங்களை உறிஞ்சிவிடுகின்றன என்று எழுதினார். ‘நம் பணம் வெளிநாட்டுக்குப் போகிறது’ என்ற புலம்பல் அவ்வளவு பழசு. அதே நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடற்பயண நூல் கொற்கையைப் பற்றி ஒரு செய்தியைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறது: அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். முத்தின் கதையில் ரோமின் நஷ்டம் இருக்கிறது, பாண்டியனின் புகழ் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவனுக்கு அரை வரி. அதையும் வெளியூர்க்காரன்தான் எழுதவேண்டியிருந்தது.

1906இல் இதே தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளையன் கப்பலுக்கு எதிராக நம் கப்பல். இந்தக் கதையில் உண்மையான வீரம் இருந்தது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி. கூலிக்காரர்களோடு நின்றார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் அதே காலத்தில், 1907இல் சென்னையில் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், சுதேசியம் பேசியவர்களைச் சாதியை முன்னால் வைத்துக் கேள்வி கேட்டார். சொந்த தேசத்தவனைத் தீண்ட மறுக்கிறவன் எந்த தேசத்தைப் பற்றிப் பேசுகிறான் என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம். அவரை வெள்ளைக்காரன் ஆள் என்று ஒதுக்குவது சுலபமாக இருந்தது. கேள்வி மட்டும் ஒதுங்கவில்லை.

3

உலகமயம் பேசுகிறவர்கள் நம்மிடம் சொல்வது இது: பழைய கிராமம் உங்களைச் சேரியில் வைத்தது, சந்தை உங்களை வெளியே கொண்டுவரும்; காசுக்குச் சாதி கிடையாது. இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. வளைகுடா நாடுகளுக்குப் போய்ப் பிழைத்தவர்கள் அனுப்பிய பணத்தில் நம் பகுதியில் ஓலைக்கூரை போய் ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் வந்தது நம் கண்முன் நடந்தது. பண்ணையார் வீட்டு வாசலில் நிற்காமல் சாப்பிடக் கிடைத்த சோறு அது.

அந்தச் சோற்றுக்கு என்ன நேர்ந்தது? நம் மாவட்டத்திலேயே கொடியங்குளம் இருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தால் ஓரளவு தலைநிமிர்ந்த தலித் கிராமம். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். டி.வி., மின்விசிறி, டேப் ரிக்கார்டர், பாத்திரம் பண்டம், தானியம் எல்லாம் அழிக்கப்பட்டன. பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும்கூடத் தப்பவில்லை. குடிநீர்க் கிணற்றில் விஷம் கலக்கப்பட்டது என்று மக்கள் சொன்னார்கள். எதை உடைத்தார்கள் என்று கவனியுங்கள். 1991இன் கதை வாங்கச் சொன்ன பொருட்களைத்தான் உடைத்தார்கள். கடல் தாண்டிப் போகும் கடவுச்சீட்டைத்தான் கிழித்தார்கள். வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணி தேசத்துக்குப் பெருமை என்று டெல்லி சொல்கிறது. அந்தப் பணம் சேரிக்கு வந்து ஒரு மின்விசிறியாகச் சுழன்றபோது அது திமிர் ஆகிவிட்டது. காசுக்குச் சாதி கிடையாது என்பவர்கள் கொடியங்குளத்துக்கு ஒருமுறை வந்து போகட்டும்.

அடுத்தது மாஞ்சோலை. தாமிரபரணி இறங்கிவரும் மலையில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் சிங்கம்பட்டி ஜமீன் நிலம் 1929 முதல் 99 வருஷக் குத்தகைக்கு பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குப் போனது. சுதந்திர இந்தியாவைவிட வயதான கம்பெனி, சுதந்திர இந்தியாவைவிட வயதான குத்தகை. காட்டை வெட்டித் தேயிலை போட்டவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி நடத்தி ஆற்றுக்குள் விரட்டியது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். மன்மோகன் சிங் பட்ஜெட்டுக்கு எட்டு வருஷம் முடிய ஒரு நாள் பாக்கி.

2024இல் கம்பெனி தோட்டத்தை மூட முடிவு செய்து, தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கியது. நாலு தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மலையை விட்டு இறங்க வேண்டும் என்றானது. காரணம் இப்போது வேறு: காடு, புலிகள் சரணாலயம், இயற்கை. காட்டைக் காப்பது நல்லதுதான். ஆனால் பாருங்கள், வெள்ளையன் காலத்தில் வியாபாரம், சுதந்திரத்துக்குப் பிறகு உற்பத்தி, இப்போது சுற்றுச்சூழல் என்று தேசம் சொல்லும் கதை மூன்று முறை மாறியிருக்கிறது. மூன்று முறையும் கொழுந்து பறித்த கைக்கு ஒரு சென்ட் நிலம் எழுதப்படவில்லை.

4

இதற்கெல்லாம் பதில் சுதேசிதான் என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். பன்னாட்டுக் கம்பெனி வருவதற்கு முன் கிராமம் தன் காலில் நின்றது, ஆறு நம்முடையதாக இருந்தது, அதை மீட்கவேண்டும் என்கிறார்கள். ஆற்றைக் காக்கும் போராட்டத்தில் நாம் இருக்கிறோம், இருப்போம். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தண்ணீர் போவதையும், கங்கைகொண்டானில் குளிர்பானக் கம்பெனி தாமிரபரணித் தண்ணீரை வாங்கியதையும் எதிர்த்தவர்களில் நாமும் உண்டு. ஆனால் அந்த ‘தன் காலில் நின்ற கிராமம்’ யார் முதுகில் நின்றது? அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர் கிராமத்தைக் கொண்டாட மறுத்தது இதனால்தான். ஆறு ‘நம்முடையதாக’ இருந்தபோதும் படித்துறை நம்முடையதாக இருந்ததில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஏரல் பாலம் அறுந்தது, பஜாருக்குள் ஆறு ஓடியது, ஊர் துண்டாகிக் கிடந்தது. வெள்ளத்துக்குச் சாதி தெரியாது என்றார்கள். கணக்கெடுப்புக்குத் தெரிந்திருந்தது. பயிர்ச் சேதம் ஹெக்டேர் கணக்கில் எழுதப்பட்டது. அதற்குப் பட்டாவும் அடங்கலும் வேண்டும். குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் தந்தார்கள். அது கூலிக்காரனுக்கும் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது வெள்ளத்துக்கான நிவாரணம். வாழை சாய்ந்ததால் தார் வெட்டவும் சுமக்கவும் இல்லாமல்போன மாதக்கணக்கான வேலைநாளுக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. வாழைக்குச் சொந்தக்காரன் நஷ்டப்பட்டான் என்று பேப்பரில் வந்தது. வாழையைச் சுமந்தவன் நஷ்டப்பட்டான் என்று சொல்லத் தேசத்தின் மொழியில் வாக்கியமே இல்லை.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் கதையிலும் இதுதான். 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டு ஆலை மூடப்பட்டபின், தாமிரம் ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது, தேசத்துக்கு நஷ்டம் என்று எழுதினார்கள். டன் கணக்கு சரியாக இருக்கலாம். அந்த நஷ்டக் கணக்கில் 13 உயிர்களுக்கு எந்தக் கட்டம்?

இப்போது புதுக் கதை டிரில்லியன் டாலர். இந்தியாவுக்கு 5 டிரில்லியன் என்று 2019இல் இலக்கு சொன்னார்கள். தமிழ்நாட்டுக்கு 2030க்குள் 1 டிரில்லியன் என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியின் மின்சாரக் கார் ஆலை திறந்தாயிற்று. நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகவேண்டும், போகட்டும். ஆனால் ஒன்று. அரசுத்துறையில் இடஒதுக்கீட்டைச் சட்டம் காட்டிக் கேட்க முடிந்தது. தனியார் ஆலையின் வாசலில் எதைக் காட்டிக் கேட்பது? ‘நாம் வளர்கிறோம்’ என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். உள்ளே யார் என்ற பட்டியல் ஒட்டியிருக்காது.

5

அப்படியானால் தேசம் என்ற கதையையே தூக்கி எறிந்துவிடலாமா? முடியாது என்றே நினைக்கிறேன். ரேஷனும், பள்ளிக்கூடமும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், இடஒதுக்கீடும் அந்தக் கதைக்குள் நம் ஆட்கள் சண்டை போட்டு எழுதிச் சேர்த்த வரிகள். சந்தையிடம் மனுக் கொடுக்க முடியாது. அரசிடம் கொடுக்கலாம், மறுத்தால் ஊர்வலம் போகலாம். அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ எழுதியபோது செய்தது அதைத்தான். நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பார்க்காமல் குத்தகைக்குப் போகவேண்டும், கூட்டாகப் பயிரிட வேண்டும் என்று அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதக் கேட்டார். நிலமற்றவனைக் கதையின் ஓரத்தில் இரக்கத்துக்குரியவனாக வைக்காமல், கணக்கின் முதல் வரியில் வைத்தார். அது ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாததால் அது தவறாகிவிடாது.

தியாகம் கேட்கும் உரிமை பற்றிய கேள்விக்கு என் பதில் இதுதான். லாபத்தைப் பங்கு வைக்கும்போது ஒருவனை ‘நாம்’ என்று எண்ணியிருந்தால் மட்டுமே, நஷ்டத்தைச் சுமக்கும்போது அவனை ‘நாம்’ என்று அழைக்கலாம். பங்கு கொடுக்காதவன் தியாகம் கேட்டால் அதற்குத் தியாகம் என்று பெயரில்லை, வெட்டி வேலை என்று பெயர். நம் தாத்தாமார் செய்து ஓய்ந்த அதே வெட்டி. ‘வேண்டாம்’ என்று சொல்ல உரிமையில்லாதவனின் பொறுமையைத் தேசபக்தி என்று புகழ்வதும் ஏமாற்றுத்தான்.

ஆகவே மாணவர்களும் எழுதுகிறவர்களும் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் அடங்கலில் ஏறாத கணக்கை எழுதுங்கள். வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருந்தது, ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி, அறுப்பு மிஷின் வந்தபின் எத்தனை நாள் போயிற்று, யார் கம்மல் மூழ்கியது, மாஞ்சோலையிலிருந்து இறங்கியவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள். கதையாக எழுதினாலும் சரி, கட்டுரையாக எழுதினாலும் சரி. பெரிய தலைப்பு வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேசத்தின் கணக்குப்பிள்ளைகள் நம் வாசலுக்கு வரமாட்டார்கள். நம்முடைய நோட்டை எடுத்துக்கொண்டு நாம்தான் அவர்கள் மேஜைக்குப் போகவேண்டும். அடுத்தமுறை யாராவது “நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றால், நோட்டைப் பிரித்து வைத்து, “இதுல எங்க பங்கு எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க” என்று கேட்கவேண்டும்.